சம்பந்தி கொண்டுவந்த வெள்ளை ஒயின்

ராயபுரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது என்னிடம் ஒரு பெட்டியும், பக்கத்தில் அறுபத்திரண்டு வயது ஸ்பெயின்கார அம்மாள் ஒருவரும், சொல்வதற்குத் தயாராக இரண்டு பொய்களும் இருந்தன. பொய்கள் என்னுடையவை அல்ல. ஆண்டனி கொடுத்தனுப்பியவை.

ஆண்டனி ராயபுரத்துப் பையன். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா என்ற மழை ஓயாத நாட்டுப்புறத்தில், சிப்பி வளர்க்கும் படகுகளுக்கு இன்ஜின் பழுது பார்க்கிறான். நான் ஈரோட்டுக்காரன். அதே ஊரில் அந்தச் சிப்பியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அந்த வட்டாரத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் தும்மினால் நான்தான் கஷாயம் வைக்க வேண்டும்.

அவன் காதலிக்கும் லூசியாவின் அம்மா மருஷா, ஒயின் செய்கிறவர். ராயபுரத்தில் இருக்கும் ஆண்டனியின் அம்மா பிலோமினா, "குடிக்கிற வூட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டவர். ஆகவே ஆண்டனி தன் அம்மாவிடம், "பொண்ணு வீட்டுல திராட்சைத் தோட்டம் வச்சிருக்காங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டான். அது பொய் இல்லை. ஆனால் மருஷா, "என் மகள் போகிற வீட்டின் அடுப்படியைப் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டேன்" என்று கிளம்பிவிட்டார். கையில் சொந்தத் தோட்டத்து ஒயின் இரண்டு புட்டி. ஆண்டனியின் விசா காகிதங்கள் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால் மொழிபெயர்க்க நான்.

பிலோமினாவுக்கான பொய்: அந்தத் திராட்சையில் ஜாம் போடுகிறார்கள். மருஷாவுக்கான பொய்: எங்கள் ஊரில் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோகும் பரிசை மூன்றாம் நாள்தான் எடுத்து வைக்க வேண்டும். மூன்றாம் நாள் சாயங்காலம் எங்களுக்குத் திரும்பும் விமானம். அதற்குள் பேச்சு முடிந்துவிடும் என்பது ஆண்டனியின் திட்டம்.

முதல் நாள் காலை கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் போனது. எங்கள் ஆட்டோ இரண்டு லாரிகளுக்கிடையே நசுங்கிய தக்காளி மாதிரி நின்றது. மருஷா பயப்படவில்லை. லாரியின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்து, "இந்தப் பெட்டி எங்கள் துறைமுகத்துக்கும் வரும், எனக்குத் தெரியும்" என்று தெரிந்தவரைப் பார்த்ததுபோல அதைத் தட்டிக் கொடுத்தார்.

பிலோமினாவின் வீடு மாதா கோயிலுக்குப் பின் சந்தில் இருந்தது. சாயங்காலங்களில் சந்து முனையில் மீன் வறுத்து விற்கிறார். கணவர் ஜோசப் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் மிகவும் குடித்தவர். வேளாங்கண்ணியில் சத்தியம் செய்து பன்னிரண்டு வருஷமாகத் தொடவில்லை. இதை அவரே, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார்.

"வா நைனா, குந்து. இந்தம்மாதான் சம்பந்தியா? இன்னா பேசும்?"

"கலீசியன்னு ஒரு பாஷைங்க. நான் மாத்திச் சொல்றேனுங்க."

"அப்ப நீ துபாஷி" என்றார் பிலோமினா. அதோடு என் பெயர் போயிற்று. என் கொங்குத் தமிழைக் கேட்டுச் சந்தே சிரித்தது. அவர்கள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. துபாஷிக்கே ஒரு துபாஷி தேவைப்பட்டது.

மதியம் நண்டு மசாலா. மருஷாவுக்கு நண்டு உடைப்பது கை வந்த வேலை. காலை முறித்து, ஓட்டைக் கடித்து, வாயில் வைத்தார். பிறகு அவர் கண்ணிலிருந்து தாரையாக நீர் வந்தது. "அழுவுதே, இன்னா ஆச்சு?" என்று பிலோமினா பதறினார். "மகளை நினைச்சு அழறாங்க" என்றேன். சந்துக்காரப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து கண் கலங்கினார்கள்.

சாயங்காலம் லாட்ஜுக்குத் திரும்பும் வழியில் ஒரு தள்ளுவண்டியில் அத்தோ வாங்கினேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் இந்தப் பக்கத்துக்குக் கொடுத்த சாப்பாடு அது. மஞ்சள் நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், நொறுக்கிய தட்டை, மேலே எலுமிச்சை. மிளகாய்த்தூள் வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். லாட்ஜ் அறைச் சுவரில் 'அறையில் மது அருந்தக் கூடாது' என்று எழுதியிருந்தது. மருஷா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "நல்வரவு" என்றேன். நல்வரவுக்கு நன்றி சொல்லி, அவர் முதல் புட்டியைத் திறந்தார். இது பரிசு இல்லை, தன் பங்கு என்று விளக்கம் வேறு.

அந்த ஒயினைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அல்பரீன்யோ என்ற திராட்சை. கம்பம் பக்கம் பார்க்கிற மாதிரியே பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். ஆனால் பந்தக்கால் கருங்கல். கீழே உருளைக்கிழங்கும் கோசும் போட்டிருப்பார்கள். கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்றும் மழையும் மாறி மாறி அடிக்கும். ஈரத்தில் கொடி அழுகாமல் இருக்கத்தான் அத்தனை உயரத்தில் பந்தல். அந்த ஒயினை வருஷக்கணக்கில் பூட்டி வைப்பதில்லை, இளசாகவே குடித்துவிடுகிறார்கள். பச்சை கலந்த மஞ்சள் நிறம். மூக்கருகே வைத்தால் பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும் மணக்கும். குடித்தால் நாக்கின் இரண்டு ஓரமும் சுருங்கும். விழுங்கிய பிறகு லேசாக உப்பு தங்கும். அவித்த சிப்பி, ஆக்டோபஸ், பொரித்த சின்ன மீன் இவையெல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள். மிளகாய் பகையாளி. காரத்தோடு குடித்தால் ஒயின் காணாமல் போய், நெருப்பு மட்டும் இரண்டு மடங்காகும்.

அத்தோவோடு அது பிரமாதமாகச் சேர்ந்தது. பொரித்த வெங்காயத்தின் எண்ணெயை ஒயினின் புளிப்பு துடைத்துவிட்டது. எலுமிச்சையும் அதுவும் உடன்பிறந்தவை மாதிரி இருந்தன. "இந்த வண்டிக்காரரை என் ஊருக்குக் கூட்டிப் போக முடியுமா?" என்று மருஷா கேட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

ஜோசப். கையில் டிபன் கேரியர். நண்டு சாப்பிட முடியாமல் போன சம்பந்திக்கு பிலோமினா இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்தனுப்பியிருந்தார். மறைக்க நேரமில்லை. புட்டி மேஜையில் நின்றது. டம்ளர் மருஷாவின் கையில் இருந்தது.

ஜோசப் புட்டியைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபடியும் பார்த்தார். அவருடைய சத்தியம் தெரியாத மருஷா உபசாரமாக டம்ளரை அவர் பக்கம் நீட்டினார். நான் பாய்ந்து தடுப்பதற்குள் அவரே கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மோந்து பாத்தா தப்பா, நைனா?"

பதிலையும் அவரே சொன்னார்: "வாணாம். நான் அத்த மோந்தா, அது என்னை மோந்துடும்." எழுந்து, கேரியரை வைத்துவிட்டு, படியில் தடதடவென்று இறங்கிப் போனார். வீட்டில் சொல்ல மாட்டார் என்று நான் தைரியமாகத் தூங்கினேன்.

இரண்டாம் நாள் முகத்துவாரக்குப்பம். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய அந்தக் குப்பத்தில் பிலோமினாவின் தங்கை ரோசி இருக்கிறார். அவரும் சம்பந்தியைப் பார்க்க வேண்டுமாம். ஷேர் ஆட்டோ திருவொற்றியூர் தாண்டியதும் புகைந்து நின்றுவிட்டது. பிலோமினா நடுரோட்டில் கையைக் காட்டி, மீன் ஏற்றுகிற ஒரு குட்டி யானை வண்டியை நிறுத்தினார். டிரைவர் தெரிந்தவர். பின்னால் ஐஸ் பெட்டிகள்மேல் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். உட்கார்ந்த இடம் உறைந்துபோக, தலைமேல் வெயில் காய்ந்தது. அந்த வண்டியில்தான் விசாரணை ஆரம்பித்தது.

"துபாஷி, இவங்க தோட்டத்துல நெறைய காய்க்குமா?"

"நிறையங்க்கா."

"அவ்ளோத்தையும் ஜாம் போட்றாங்களா?"

"ஆமாங்க்கா. பெரிய அண்டா வச்சிருக்காங்க."

"ஊருக்கே சக்கர வியாதி வந்துருக்குமே?"

"மழை ஊருங்க. அங்க அது வராதுங்க."

பிலோமினா தலையை ஆட்டினார். என்ன கேட்கிறார் என்று மருஷா என் முழங்கையை இடித்தார். "உங்கள் தோட்டத்தைப் பற்றி ஆசையாக விசாரிக்கிறார்" என்றேன். மருஷா மகிழ்ந்துபோய், கொடி கிளை நறுக்குவது முதல் பழம் பறிப்பது வரை விடாமல் சொன்னார். நான் அதையெல்லாம் "சர்க்கரை நிறையப் போடணுமாம்" என்று சுருக்கினேன்.

கழிமுகத்தில் தண்ணீர் வடிந்திருந்தது. எதிரே அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின்நிலையத்துப் புகைபோக்கிகள். ரோசி இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் துழாவி இறால் பிடித்து, இடுப்புப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் மருஷா செருப்பை உதறினார். பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகினார். நான் "வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் சேற்றில் இறங்கிவிட்டார்.

அவர் ஒயின் செய்ய வந்தது பிற்பாடு. அதற்கு முன் இருபது வருஷம் அவரும் அவர் அம்மாவும் கடல் வடியும் நேரத்தில் மட்டி பொறுக்கியவர்கள். காலால் சேற்றைத் தடவிக்கொண்டே போய், சட்டென்று குனிந்து ஒரு மட்டியை எடுத்தார். பிளந்து மோந்தார். முகம் மாறியது. விரலில் ஒட்டிய சாம்பல் நிறச் சேற்றை ரோசியிடம் காட்டினார்.

"சாம்பலு" என்றார் ரோசி. "இப்பல்லாம் கலீஜா கீது. முன்ன கூடை கூடையா அள்னோம். இந்த மட்டிய துன்னாத."

மொழிபெயர்க்கலாம் என்று நானும் இறங்கினேன். நாலாவது அடியில் வலது கால் முழங்கால்வரை புதைந்தது. இழுத்தால் இடது கால் புதைந்தது. இரண்டு பெண்களும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நான் இல்லாமலே பேச்சைத் தொடர்ந்தார்கள். ரோசி கழிமுகத்தில் ஒரு முறை எண்ணெய் கொட்டியதையும் வாளியால் அள்ளியதையும் கையால் நடித்துக் காட்டினார். மருஷா தன் நெஞ்சில் தட்டி, அதே மாதிரி குனிந்து, அதே மாதிரி அள்ளிக் காட்டினார். அவர் ஊரிலும் ஒரு எண்ணெய்க் கப்பல் உடைந்து, ஊர்ப் பெண்களெல்லாம் கையால் அள்ளியிருக்கிறார்கள். அது எனக்கே அன்றுதான் தெரியும். கரையில் கவிழ்த்திருந்த படகின் மேல் உட்கார்ந்து பிலோமினா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மருஷா கரையேறியதும் அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, காய்த்துப்போன இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

என்னை இரண்டு மீனவர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். ஒரு செருப்பு எண்ணூருக்குச் சொந்தமாகிவிட்டது.

ரோசி வீட்டில் சாப்பாடு. கடலில் பிடித்த சுறாவை அவித்து உதிர்த்து, இஞ்சி, பூண்டு, வெங்காயம் போட்டுச் செய்த சுறாப்புட்டு. மருஷாவுக்காகப் பச்சை மிளகாயைக் குறைத்திருந்தார்கள். ஒரு வாய் சாப்பிட்டதும் மருஷா கண்ணை மூடிக்கொண்டு, "இதற்கு என் ஒயின் வேண்டும்" என்றார்.

"இன்னா சொல்லுது?" என்றார் பிலோமினா.

என் மூளை வெயிலில் உருகியிருந்தது. "இதுக்கு ஜாம் தொட்டுக்கிட்டா நல்லாருக்குமாம்" என்றேன்.

"சுறாப்புட்டுக்கா? ஜாமா?"

"அவங்க ஊர்ப் பழக்கங்க."

பிலோமினா என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நல்ல பழக்கம்" என்று சொல்லி எனக்கு இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார்.

மூன்றாம் நாள் ஞாயிறு. காலைப் பூசை. ஃபாதர் திராட்சை ரசக் கிண்ணத்தை உயர்த்தியபோது மருஷா என் காதில், "அது இனிப்பு ஒயின். மீனோடு ஒத்துப்போகாது" என்று கிசுகிசுத்தார். முன் வரிசையிலிருந்து பிலோமினா திரும்பினார். "மனமுருகி வேண்டிக்கிறாங்க" என்றேன். மாதா என்னை மன்னிக்கட்டும்.

வீட்டுக்கு வந்தோம். ஜோசப் பாய் விரித்தார். பிலோமினா நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் சில மணி நேரம்தான் என்று நான் மணியைப் பார்த்தபோது, மருஷா கைப்பையைத் திறந்து இரண்டாவது புட்டியை எடுத்துத் தட்டுகளுக்கு நடுவில் வைத்தார். "மூன்றாம் நாள் ஆகிவிட்டது அல்லவா?" என்றார் பெருமையாக.

பிலோமினா எண்ணெய்ச் சட்டியிலிருந்து திரும்பினார்.

"இது வந்துங்க்கா..." என்று ஆரம்பித்தேன்.

"கம்முனு குந்து" என்றார் பிலோமினா. "அந்தாளு மொத நாளே வந்து சொல்ட்டாரு. சத்தியம் பண்ணதுலேந்து எங்கிட்ட எதையும் மறச்சதில்ல. நீ எவ்ளோ தூரம் டபாய்ப்பேன்னு பாக்கலாம்னுதான் வுட்டேன். சுறாப்புட்டுக்கு ஜாம் வரைக்கும் போய்ட்ட."

ஜோசப் கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மருஷா என்ன நடக்கிறது என்று கேட்க, வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஜாம், அண்டா, மூன்று நாள் வழக்கம், எதையும் விடவில்லை. மருஷா கேட்டு முடித்ததும் என் பின்மண்டையில் ஒரு அறை விட்டார். மொழிபெயர்ப்பு தேவைப்படாத அறை. பிலோமினா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து மருஷாவின் எதிரில் உட்கார்ந்தார். சிரிப்பு போயிருந்தது.

"துபாஷி, இப்ப நான் கேக்கறத அப்டியே கேளு. ஒரு வார்த்த மாத்துனா கொன்னுடுவேன். என் புள்ள குடிக்கிறானா?"

கேட்டேன். மருஷா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை என் மேஜையில், அரை டம்ளர். முகம் சிவந்துவிடும், பாடுவான், தூங்கிவிடுவான். அதற்கு மேல் கேட்டதில்லை. கேட்டாலும் கிடைக்காது. கிடங்கின் சாவி என் கழுத்தில் தொங்குகிறது." சட்டைக்குள்ளிருந்து கயிற்றில் கட்டிய சாவியை இழுத்துக் காட்டினார்.

அப்படியே சொன்னேன். பிலோமினா சாவியைப் பார்த்தார். "சாவி எதுக்காம்?"

மருஷா சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். "என் கணவருக்காக. அவர் ஒயின் குடித்துச் சாகவில்லை. பழத்தைப் பிழிந்த சக்கையில் எங்கள் ஊரில் சாராயம் காய்ச்சுவார்கள். அதைக் குடித்துச் செத்தார். அடக்கம் முடிந்த மறுநாள், காய்ச்சுகிற செப்புப் பானையைப் படகில் ஏற்றி நடுக்கடலில் தள்ளினேன். லூசியாவுக்கு அப்போது எட்டு வயது. கூடவே வந்து துடுப்புப் போட்டாள்."

இதையும் அப்படியே தமிழில் சொன்னேன். பிலோமினா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் சாக்கடைல ஊத்துனேன்" என்றார். "ஒவ்வொரு தபாவும். அதுக்கு அடி வாங்குனேன். இந்தா, இங்க பல்லு." வாயைத் திறந்து ஓர் இடைவெளியைக் காட்டினார். மருஷாவுக்கு அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு பிலோமினா நெத்திலித் தட்டை நடுவில் இழுத்தார். ஒரு சில்வர் டம்ளரை எடுத்து வைத்தார். "ஊத்தச் சொல்லு. என் புள்ள இன்னா குடிக்கிறான்னு நானும் பாக்கறேன். ஒரு ஸ்பூனு."

மருஷா திறந்து ஊற்றினார். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு நெத்திலியைக் கடித்து, ஒரு வாய் குடித்தார். கன்னம் இரண்டும் உள்ளே போயின.

"புளிச்ச தண்ணி" என்றார். "ஊறுகாய்க்கு ஊத்துற காடியாட்டம் கீது. இதுக்கா இவ்ளோ பேஜாரு?"

மருஷா ஆவலோடு என்னைப் பார்த்தார். பத்துத் தலைமுறையாக அவர் புகுந்த வீடு பெருமைப்பட்ட ஒயின். நான் தயங்கினேன். பிலோமினா கரண்டியை எடுத்தார். அப்படியே மொழிபெயர்த்தேன்.

மருஷா வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி. அவளிடம் சொல். அவள் நண்டை இரண்டு முறை கொல்கிறாள். முதலில் கொதிக்கும் தண்ணீரில், பிறகு மிளகாயில்."

சொன்னேன். பிலோமினா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் மருஷா சுற்றிப் பார்த்தார். ஜோசப் பாயில் இல்லை. வாசலுக்கு வெளியே, வெயிலில், சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். கைகள் பின்னால் இறுகக் கோத்திருந்தன.

"ஏன் வெளியே நிற்கிறார்?"

"வாசன" என்றார் பிலோமினா. நானும் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன்.

மருஷா எழுந்தார். புட்டியையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கடலைக் கடந்து பெட்டிக்குள் பொத்திக் கொண்டுவந்த ஒயினை, பாத்திரம் தேய்க்கும் இடத்துச் சாக்கடையில் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தார். குழாயைத் திறந்து, மணம் போகும்வரை தண்ணீர் விட்டார். புட்டியையும் டம்ளரையும் தன் கையாலேயே கழுவி வைத்தார். பிறகு வாசலுக்குப் போய், ஜோசப்பின் தோளைத் தொட்டு, உள்ளே வாருங்கள் என்று கையைக் காட்டினார்.

ஜோசப் வந்து உட்கார்ந்தார். பிலோமினா அவர் தட்டில் நெத்திலி வைத்தார். அடுத்து மருஷாவின் தட்டில். மிளகாய் அதிகம் ஒட்டாத மீன்களாகப் பொறுக்கி வைத்தார்.

"யோவ்" என்றார் கணவரைப் பார்த்து. "புள்ளைக்கு போன் போடு. தேதி பாக்கச் சொல்லு. பொண்ணு வூட்டுக்காரங்க நல்ல ஜனம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தத் துபாஷிதான் டுபாக்கூரு."